நாலு வயதின் நான்காம் ஆண்டு

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனிதன் எப்படி வளர்கிறான் என்பதை ஒரே வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை பிறப்பான், வெள்ளிக்கிழமை கிழவனாகி விடுவான். சனி, ஞாயிறு விடுமுறை.

நான் அங்கே உளவியல் ஆய்வகத்தின் உதவியாளர். பதவியின் பெயர்தான் நீளம். வேலை என்னவோ கண்ணாடிக் குவளைகளைக் கழுவுவது, களிமண் காய்ந்து போகாமல் ஈரத்துணி சுற்றி வைப்பது, பெஞ்சைத் துடைப்பது. பதினொரு வருடமாக அதே பாடத்தைக் கதவோரம் நின்று கேட்டு வருகிறேன். பரீட்சை எழுதச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடுவேன். இதுவரை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பாடத்தில் பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள். தாடிக்காரர் ஒருவர், குழந்தையின் முதல் ஒன்றரை வருடம் வாயில் இருக்கிறது, அடுத்த ஒன்றரை வருடம் கழிப்பறையில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இரண்டில் எதிலாவது பெற்றவர்கள் அவசரப்பட்டால், பிள்ளை வளர்ந்த பிறகு நகத்தைக் கடிக்குமாம், அல்லது அலமாரியை ஓயாமல் அடுக்குமாம். என் மாமியார் இரண்டையும் செய்வார். இன்னொருவர் தொட்டிலிலிருந்து பாடை வரைக்கும் எட்டுக் கண்டம் வைத்திருக்கிறார். என் வயதுக்கு ஏழாவது கண்டம் நடக்கிறதாம். அடுத்த தலைமுறைக்கு எதை விட்டுப் போகப் போகிறோம் என்று நான் இந்நேரம் கவலைப்பட்டுக் கொண்டிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குக் கழுவ இருபது குவளை இருந்தது. வேறொரு கோஷ்டிக்குக் குழந்தையும் ஒன்றுதான், எலியும் ஒன்றுதான். ஒரு காரியம் செய்ததும் கையில் தின்ன எதையாவது கொடுத்தால் போதும், அந்தக் காரியத்தை மறுபடி மறுபடி செய்யும் என்பது அவர்கள் கட்சி.

பாடம் எடுக்கும் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் நிலை சார். எதைப் பார்த்தாலும் அது எந்த நிலை என்று சொல்லிவிடுவார். கல்லூரி முதல்வர் மேசையைத் தட்டிக் கத்தினால், அவர் இரண்டு வயது நிலையில் இருக்கிறார், பாவம் என்பார். கேன்டீன் வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போகிறவனை, பிறர் கோணத்தைப் பார்க்கத் தெரியாத நிலை என்பார். அதற்குள் அவன் டீயை வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பான். கெட்ட மனிதர் இல்லை. குழந்தை வளர்ச்சியைக் கரைத்துக் குடித்தவர். என்ன ஒன்று, குழந்தையை நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவர் கண் எப்போதும் குவளையில்தான் இருக்கும்.

அவருக்கு உயிர் அந்தத் தண்ணீர்ப் பாடம்தான். ஒரே மாதிரி இரண்டு குட்டைக் குவளை. இரண்டிலும் ஒரே அளவு சிவப்புத் தண்ணீர். குழந்தையிடம் இரண்டும் சமமா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லும். அதன் கண் முன்னாலேயே ஒரு குவளைத் தண்ணீரை நெட்டையான, ஒல்லியான குவளையில் ஊற்றுவார். இப்போது எதில் அதிகம்? நாலு வயதுக் குழந்தை நெட்டைக் குவளையில்தான் அதிகம் என்று சொல்லும். ஏழு வயதுக் குழந்தை இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும். நடுவில் என்ன நடந்தது என்பதுதான் ஒன்றரை மணி நேரப் பாடம்.

இந்தப் பாடத்துக்கு நாலு வயதில் ஒரு குழந்தை வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கே தேடியும் கிடைக்காமல் சார் அறைக்கும் வாசலுக்குமாக நடந்து கொண்டிருந்தார். என் மகளுக்கு அப்போது சரியாக நாலு வயது. அவளைப் பொடிசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். உருவம் அப்படி. நானே வாயைக் கொடுத்து, கூட்டிக்கொண்டு வரட்டுமா சார் என்று கேட்டேன்.

அந்த முதல் நாள் அவள் மனதார நெட்டைக் குவளையைக் காட்டினாள். ஏன் என்று சார் கேட்டதற்கு, இதுதான் உசரமா இருக்கு என்றாள். அறுபது பேர் சிரித்துக் கை தட்டினார்கள். சார் உச்சி குளிர்ந்து போய் ஒரு கிரீம் பிஸ்கட்டைக் கொடுத்தார். அது எலிக் கோஷ்டியின் முறை. அதை அவர் வியாழக்கிழமைதான் நடத்துவார். தண்ணீர்ப் பாடம் செவ்வாய். இந்த இரண்டு நாட்களும் ஒன்றையொன்று அவருக்குள் சந்தித்துக் கொண்டதே இல்லை.

வருடத்துக்கு நாலு வகுப்பு, நாலு தடவை காட்டுவோம். அடுத்த வருடமும் பொடிசுதான். அதற்கடுத்த வருடமும் அவள்தான். பாடத்தில் நாலு வயது என்று போட்டிருப்பதால், சார் பதிவேட்டில் ஒவ்வொரு தடவையும் பெண் குழந்தை, வயது நான்கு என்றே எழுதினார். பொடிசும் சளைத்தவள் இல்லை. விரலைக் கன்னத்தில் வைத்து யோசிப்பாள். குனிந்து பார்ப்பாள். சாரை ஒரு பார்வை, மாணவர்களை ஒரு பார்வை. அறை அமைதியான பிறகுதான் நெட்டைக் குவளையைத் தொடுவாள். சிரிப்பு ஓய்வதற்குள் களிமண் உருண்டைக்குப் போய், பாம்பாக உருட்டினால் மண் கூடிவிடும் என்பாள். ஒருமுறை சிவப்புச் சாயம் பற்றாது, பின் பெஞ்சுக்குத் தெரியாது என்று எனக்கே சொன்னாள்.

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். பட்டம் வாங்கிய அறுபது பேர் என் மகளுக்குக் கை தட்டும்போது கதவோரம் நின்றிருக்கும் எனக்குப் பெருமை பிடிபடாது. ஆண்டு விழாவில் முதல்வரே என்னைப் பார்த்து, குழந்தை சௌக்கியமா என்று கேட்டார். அதற்கு முன் எட்டு வருடமாக அவர் என்னிடம் கேட்டது துடைப்பம் எங்கே என்பதுதான்.

இந்த வருடம் பொடிசு இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். போன மாதம் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல பெண், பேசும்போது கையில் சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தார். எழுதச் சொன்னால் பொடிசு கணக்கைச் சரியாகப் போடுகிறாளாம். ஆனால் எல்லோருக்கும் முன்னால் எழுப்பிக் கேட்டால் மட்டும் தப்பாகச் சொல்கிறாளாம். ஆறு பொத்தானை நெருக்கமாகவும் ஆறு பொத்தானை அகட்டியும் வைத்து எதில் அதிகம் என்று கேட்டால், அகட்டி வைத்ததில்தான் என்கிறாளாம்.

"தப்பா சொன்னா பரவாயில்லைங்க. சொல்லிட்டு என் முகத்தையே பாத்துட்டு நிக்கிறா. எதையோ குடுப்பேன்னு எதிர்பாக்குற மாதிரி. எனக்கே பயமா இருக்கு," என்றார் டீச்சர்.

அடுத்து அவர் சொன்னதுதான் பெரிய இடி. பள்ளிக்கூடத்தில் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு தனிப்பிரிவு உண்டு. மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அங்கே போன பிள்ளை திரும்பிப் பொது வகுப்புக்கு வந்து நான் பார்த்ததில்லை. அடுத்த வருடப் பட்டியலில் பொடிசின் பெயரை அந்தப் பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நிபுணர் பரிசோதித்து, அவளுக்கு வளர்ச்சிக் குறை இல்லை, தப்புப் பதிலுக்குக் காரணம் இன்னது என்று எழுதிக் கொடுத்தால் பெயரை அடித்துவிடலாம். பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளும் நிபுணர் ஊரிலேயே ஒருவர்தான். படிவத்தில் பெயரைப் பார்த்தேன். நிலை சார்.

அன்று மாலை பொடிசை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் ஒளிக்கவே இல்லை. தப்பாகச் சொன்னால்தானே பெரியவர்களுக்குச் சந்தோஷம் என்றாள். காலேஜில் எல்லோரும் கை தட்டுகிறார்களே, டீச்சர் மட்டும் ஏன் தட்ட மாட்டேன் என்கிறார் என்று என்னிடமே கேட்டாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிற என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே இதைக் கேட்டுக் கொண்டிருந்தார். ஸ்குரூவை மூணு வருஷம் இடது பக்கமா திருகக் கத்துக் குடுத்துட்டு, இப்ப ஏன் கழண்டு வருதுன்னா என்ன அர்த்தம் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை ஒரு பிடி பிடித்தேன். அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் கோபத்துக்குக் காரணம்.

சாரிடம் போனால் சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்று பொடிசுக்கு ஆயிரம் தடவை சொல்லி வைத்தேன். தலையை ஆட்டினாள். ஆனால் முகத்தில் தெளிவில்லை.

வியாழக்கிழமை மதியம் பரிசோதனை. பெற்றோர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. ஆய்வக உதவியாளர் அறைக்குள் இருந்தே ஆக வேண்டும் என்பதும் விதி. எந்த விதிப்படி நிற்பது என்று எனக்கே குழப்பம். சார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வழக்கம்போல் சாயம் கலந்த தண்ணீரைக் கொண்டு வைக்கச் சொன்னார். நான் காலையில் கழுவிய அதே குவளைகள்தான். வைக்கும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது.

பொடிசு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். சார் படிவத்தில் வயது ஏழு, மாதம் இரண்டு என்று எழுதிவிட்டு, குவளைகளைப் பார்த்தபடி கேள்வியை ஆரம்பித்தார். இரண்டும் சமமா? ஆமாம் சார். நெட்டைக் குவளையில் ஊற்றினார். இப்போது எதில் அதிகம்?

அவள் விரல் தானாகக் கன்னத்துக்குப் போனது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். காலியான பெஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு சாரைப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"சார், இன்னைக்கு எனக்கு எத்தனை வயசு?"

சார் பேனாவை எடுத்து, தன் வயதைத் தானே அறியாத நிலை என்று எழுதத் தொடங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு வருடம் வாயைத் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தேன். அவள் வயது தெரியாமல் கேட்கவில்லை, எந்த வயதை நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரியாமல் கேட்கிறாள் என்றேன். நாலு வயதில் கூட்டி வந்தேன், ஐந்திலும் நாலு என்று எழுதினீர்கள், ஆறிலும் நாலு என்று எழுதினீர்கள், ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் வருடத்துக்கு ஒரு வயது ஏறுகிறது, என் பிள்ளைக்கு மட்டும் உங்கள் பதிவேட்டில் ஏறவே இல்லை என்றேன். கைதட்டல், பிஸ்கட், டீச்சர், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை, ஒன்று விடாமல் கொட்டினேன்.

சார் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பதிவேடுகளை எடுத்து வந்தார். புரட்டினார். மறுபடி புரட்டினார். முதல் தடவையாக என் மகளின் முகத்தை, மூக்கு கண் காது எல்லாம் சேர்த்து, ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தார். பேயறைந்தவர் போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

விஷயம் நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. அந்தப் பதிவேட்டை வைத்து அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு நாலு வயதுக் குழந்தைகளைச் சோதித்ததாகவும், பன்னிரண்டும் ஒன்று போலவே பதில் சொன்னதாகவும், அப்படிப்பட்ட ஒற்றுமை வேறெங்கும் கண்டதில்லை என்றும் எழுதியிருக்கிறார். எப்படிக் காணும்? பன்னிரண்டும் பொடிசு. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் செய்யவில்லை. ஒரு தடவைக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஒரு குழந்தை என்று கூட்டியிருக்கிறார். அந்தக் கட்டுரையால்தான் அவருக்குத் துறைத்தலைவர் பதவியே வந்தது.

சார் பொடிசிடம் குவளையைக் காட்டி, எனக்காக இல்லை, உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் சொல் என்றார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்றாள். திரும்ப ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றும் சொன்னாள். களிமண், பொத்தான், எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

குறை இல்லை என்று எழுதுவதில் சாருக்குச் சிரமம் இல்லை. சிரமம் அதற்குக் கீழே இருந்த கட்டத்தில்தான். தப்புப் பதிலுக்குக் காரணம். அதை நிரப்பாவிட்டால் பள்ளிக்கூடத்தில் ஏற்க மாட்டார்கள். சார் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல், கூச்ச சுபாவம் என்று போட்டுவிடலாமா அம்மா என்று கேட்டார்.

கூச்சமாம். அறுபது பேர் முன்னால் நின்று, சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்து அடுத்த வரியைச் சொல்கிறவளுக்குக் கூச்சமாம். இதை அந்த டீச்சர் ஒரு நிமிடம்கூட நம்ப மாட்டார், காகிதத்தைச் சுருட்டிக் குப்பையில் போடுவார், என் பெண் படிக்குக் கீழே போவாள் என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. மனிதர் பதவியை நினைத்து அழுகிறாரா, பாவத்தை நினைத்து அழுகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு இரக்கம் வரவில்லை.

பொடிசு நாற்காலியிலிருந்து இறங்கி மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனாள்.

"நீங்க அழாதீங்க சார். உங்களுக்கு வேணும்னா நான் இன்னும் ஒரு வருஷம் நாலு வயசாவே இருக்கேன். எனக்கு அந்த ரூம் பரவாயில்ல," என்றாள்.

வாயை, கழிப்பறையை, எட்டுக் கண்டத்தை எல்லாம் எழுதிய பெரியவர்களில் ஒருவராவது ஏழு வயதில் ஒரு பிள்ளை இப்படியும் சொல்லும் என்று எழுதி நான் கேட்டதில்லை. இவ்வளவு நல்ல பிள்ளையாக அவள் இருக்க வேண்டாம் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அடம் பிடிக்கட்டும், கத்தட்டும், குவளையைத் தட்டிவிட்டு உடைக்கட்டும், நான் கூட்டி அள்ளிக்கொள்கிறேன்.

சார் அவள் தலையில் கை வைக்கப் போய், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து, விறுவிறுவென்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு, மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார். படித்தேன். 'இக்குழந்தைக்கு வயது ஏழு. வளர்ச்சியில் குறை ஏதும் இல்லை. தவறான பதில்கள் கற்பிக்கப்பட்டவை. மூன்று ஆண்டுகளாக நான்கு வயதிலேயே இவளை நிறுத்தி வைத்திருந்தவன் நான். இது குறித்த என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.'

மனிதர் ஏணியின் உச்சிப் படியிலிருந்து தானே குதித்துவிட்டார். எனக்கு அரை நிமிடம் இனித்தது. மாட்டினான் ஒருத்தன், நான் தப்பித்தேன் என்கிற இனிப்பு. காகிதத்தை மடித்துப் பையில் வைத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும்.

ஒன்றை நான் இதுவரை உங்களிடமும் சொல்லவில்லை. பொடிசுக்கு ஐந்தரை வயது இருக்கும். வீட்டில் அவளுடைய பாலை வேறு டம்ளருக்கு மாற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவள் டம்ளரை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, அம்மா, டம்ளர்தான் வேற, பால் அதேதானே என்றாள். தானாக, யாரும் கேட்காமல், ஏழு வயதுக்கு வர வேண்டியது ஐந்தரை வயதில் அவளுக்கு வந்துவிட்டது. எந்தத் தாயும் வாரி அணைத்திருப்பாள். செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நான் சொன்னேன்: "அங்க வந்து இப்படிச் சொல்லிடாதடி."

சாரிடம் பேனாவைக் கேட்டு வாங்கினேன். அவருடைய முத்திரைக்குக் கீழே இடம் இருந்தது. இவளுக்குச் சரியான பதில் தெரியும் என்று எனக்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே தெரியும், சொல்லாதே என்று சொன்னது நான் என்று எழுதி, இவளுடைய தாய் என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக என்றைக்கும் வந்ததில்லை.

பொடிசு மேசை விளிம்பில் முகவாயை ஊன்றிக்கொண்டு நான் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி வரி வரைக்கும் விடவில்லை. படித்து முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு உன்னைத் திட்டுவாங்களாம்மா?"

"திட்டுவாங்க."

அவள் யோசித்தாள். கன்னத்துக்கு விரல் போகவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை, சாரின் முகத்தையும் பார்க்கவில்லை.

"திட்டட்டும்," என்றாள்.